கண்மலரும் கண்ணும்

குழந்தைக்குக் கண் மங்கினால் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டிக் கொள்ளும் வழக்கம் நம் ஜனங்களிடம் இன்னும் ஒழிந்தபாடில்லை. சமயபுரத்தில் இதுவரை விழுந்த வெள்ளிக் கண்களுக்குப் பலன் இருந்திருக்குமானால், திருச்சி ஜில்லாவில் ஒரு குழந்தைக்காவது கண் கெட்டிருக்க நியாயமுண்டா?

அதே திருச்சி ஜில்லாவில்தான் மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பரீட்சை நடத்தி, 1990-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வாரந்தோறும் 8,333 யூனிட் ஏ வைட்டமின் சொட்டாகக் கொடுக்கப்பட்டது. மறுபாதிக்கு அது கொடுக்கப்படவில்லை. ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, சொட்டு பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 சதவிகிதம் குறைந்திருந்தது. கண்ணுக்கென்று நினைத்த சத்து உயிருக்கே காவலாயிருந்தது என்பதே இதன் பொருள். எந்த ஸ்தல புராணத்திலாவது இப்படி இரண்டு பக்கத்தையும் எண்ணிக் கணக்குக் காட்டியிருக்கிறார்களா?

நிற்க. இந்தச் சத்துக் குறைவு வரும் விதத்தைத் தாய்மார்கள் அறிய வேண்டும். முதலில் மாலைக்கண். பொழுது சாய்ந்தால் குழந்தை தட்டைத் தடவும். பிறகு வெள்ளை விழி வறண்டு, நுரை போன்ற திட்டு விழும். அதன் பின் கருவிழி இளகிப் புண்ணாகிச் சில தினங்களில் பார்வை போய்விடும். போன பார்வை திரும்பாது. தட்டம்மை கண்ட குழந்தைக்கு இந்த ஆபத்து அதிகம். ஏனெனில் அந்நோய் உடம்பிலுள்ள ஏ வைட்டமினை வெகு சீக்கிரம் கரைத்து விடுகின்றது. அந்தச் சமயம் பார்த்துத்தான் நம் வீடுகளில் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வைத்தியரைத் தள்ளி, ஆகாரத்தைக் குறைத்து, வேப்பிலையைச் செருகுகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் ஏ வைட்டமின் கொடுக்க வேண்டுமென்பது இன்றைய வைத்தியம். ஆத்தா இதற்குக் கோபித்துக் கொண்டதாக இதுவரை தகவலில்லை!

இனி பழனி மலைக்கு வருவோம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் கேரட்டு மூட்டை மூட்டையாக விளைந்து லாரி ஏறி இறங்குகின்றது. அடிவாரத்தில் ஒட்டன்சத்திரத்தைச் சுற்றி முருங்கை காடாக நிற்கின்றது. இந்தச் சத்து குடியிருக்கும் மலை என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கேரட்டைப் பிடுங்கிக் கழுவும் கூலிக்காரியின் பிள்ளை தட்டில் அது வாரத்தில் எத்தனை நாள் விழுகின்றது? முருங்கைக்காய் சந்தைக்குப் போகின்றது, சரி; கீரைக்கு விலையில்லையே, அதுவாவது அடுப்புக்குப் போகின்றதா? வெறுமனே வேகவைத்துப் போட்டாலும் போதாது. எண்ணெய் சேர்ந்தால்தான் அச்சத்து உடம்பில் ஒட்டும். கஞ்சியும் உப்பும் தின்னும் வீட்டில் எண்ணெய்க்கு எங்கே போவது?

சர்க்கார் 1970 முதல் ஆறு மாதத்துக்கொரு முறை 2 லட்சம் யூனிட் கொடுக்கும் திட்டத்தை நடத்தி வருகின்றது. இப்போது ஒன்பதாவது மாதத்தில் 1 லட்சம் யூனிட்டில் துவங்கி, ஐந்து வயதுக்குள் 9 தடவை. இது இனி எல்லோருக்கும் வேண்டியதில்லை என்று சில பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் கையிலும் ஆதாரமுண்டு. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாத முறையில் நடந்து 2013-ல் வெளியான பெரிய பரீட்சையில் சாவு 4 சதவிகிதமே குறைந்ததாகத் தெரிந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். நமக்குப் பிடித்த முடிவு வராததால் அதை மூடி மறைப்பது யோக்கியமான காரியமாகாது. அது புரோகிதர் வேலை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். திருச்சியில் வாரந்தோறும் கொடுத்ததை ஆறு மாதத்துக்குக் கூட்டினாலும் அதே 2 லட்சம் யூனிட் சுமார்தான் வரும். ஆகவே சிறுகச் சிறுகச் சேருவதில், அதாவது சோற்றோடு சேருவதைப் போலச் சேருவதில், விசேஷமிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

2016-18-ல் சர்க்கார் எடுத்த கணக்கிலேயே நாட்டில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு இச்சத்துக் குறைவு இருந்தது. சொட்டை நிறுத்தச் சொல்லும் கனவான்கள், அந்தப் பதினெட்டுக் குழந்தைகளின் தட்டில் கீரையும் எண்ணெயும் முட்டையும் விழுவதற்கு வழி செய்துவிட்டுச் சொல்லட்டும். அதுவரை மலைமேலுள்ள நம் தோழர்கள், தத்தம் ஊர் அங்கன்வாடியில் போய், எந்தெந்தக் குழந்தைக்கு ஒன்பதில் எத்தனை தடவை விடுபட்டிருக்கின்றது என்று அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டுகிறோம்.