புகையைப் பார்க்கிறார்கள், ரயரை யார் பார்ப்பது?

வன்னியில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் ஒரு மாதம் நெருக்கடியானது. வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் மாதம் அது. காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பஸ், லொறி என்றால் வாகனத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அந்த நாட்களில் எயார் ஃபில்டர் துப்புரவாகும், எஞ்சின் ஒயில் மாறும். புகை சரியாக வந்துவிட்டால் ‘பாஸ்’. வாகனத்தில் வீதியைத் தொடுகின்ற ஒரே பாகமான ரயரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அண்மைக்காலத்தில் இந்தப் பேச்சில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதிதாக வருகின்ற பல வாகனங்களின் டாஷ்போட்டில், குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் பரிசோதனையில் சிக்கல் வருமா என்று கேட்கிறார்கள்.

புகைப் பரிசோதனை அளப்பது புகையைத்தான். இந்த விளக்கு அதன் கணக்கில் இல்லை. ஆகவே சான்றிதழ் கிடைக்கும். ஆனால் சான்றிதழ் கிடைப்பதும் வாகனம் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

விளக்கு வந்த கதை

இந்த விளக்கு ஓர் அலங்காரமாக வந்ததல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் இறுதியில், ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் ரயர்கள் ஓட்டத்தில் மேற்படை கழன்று சிதறின. வாகனங்கள் புரண்டன. 200இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயரின் தயாரிப்புக் குறைபாட்டோடு, குறைந்த காற்றழுத்தமும் வெப்பமும் அங்கு பேசப்பட்டன. அதன் விளைவாக 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டெம்பரிலிருந்து அங்கு தயாராகும் இலகு ரக வாகனங்கள் அனைத்திலும் ரயர் அழுத்த எச்சரிக்கை கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

பிரித்தானியாவில் வாழும் உறவினர்களிடம் கேட்டால் இதன் அடுத்த கட்டத்தைச் சொல்வார்கள். அங்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.ரி சோதனையில், 2012 ஜனவரி 1இற்குப் பின் பாவனைக்கு வந்த கார்களின் இந்த எச்சரிக்கைத் தொகுதியையும் பார்க்கிறார்கள். தொகுதி பழுதென்று விளக்குக் காட்டினால் கார் சோதனையில் தவறிவிடும். அதே சோதனையில் ரயரின் பூ தேய்ந்திருக்கிறதா, பக்கச்சுவர் வெட்டுப்பட்டிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்பதும் பார்க்கப்படும்.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு ரயரில் காற்றுக் குறைந்திருக்கிறது. வாகனத்தை இயக்கியதும் ஒரு நிமிடமளவு மின்னி மின்னிப் பின் நிலையாக எரிந்தால் எச்சரிக்கைத் தொகுதியே பழுது. பெரும்பாலான வாகனங்களில் இந்த வேறுபாடு உண்டு. சந்தேகம் இருந்தால் வாகனத்தோடு வந்த கைநூலைப் பார்க்கலாம்.

காற்றுக் குறைவென்றால், ஓடாமல் நின்ற வாகனத்தில், ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நான்கு சக்கரத்தையும் அளக்க வேண்டும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. சில வாகனங்களில் காற்றை அடித்து ஓடியதும் விளக்குத் தானாக அணையும். சிலவற்றில் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு வாரத்தில் மீண்டும் எரிந்தால் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது.

தொகுதி பழுதென்றால், சக்கரத்துக்குள் இருக்கும் சென்சரின் பற்றரி தீர்ந்திருக்கலாம். அதன் ஆயுள் 5 முதல் 10 ஆண்டுகள். பஞ்சர் ஒட்ட ரயரைக் கழற்றும்போது சென்சர் உடைவதும் உண்டு. கழற்ற முன் சென்சர் இருக்கிறதென்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அமெரிக்க விதிப்படி, குறித்த அளவிலிருந்து 25 வீதம் குறைந்த பின்னர்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய ரயர் 24இற்கு இறங்கிய நிலை அது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பது காற்றுச் சரி என்பதற்குச் சாட்சியல்ல.

விளக்கே இல்லாத வாகனங்கள்

ஆனால் வன்னி வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதிக்கு இந்த விளக்கே இல்லை. பட்டா, கன்ரர், ஹயஸ் வான், முச்சக்கரவண்டி, டிப்பர், உழவு இயந்திரம் ஆகியவையே இங்கு உழைக்கும் வாகனங்கள். பாடசாலைப் பிள்ளைகளும் நெல் மூட்டைகளும் மீன் பெட்டிகளும் இவற்றில்தான் போகின்றன.

காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அந்த அசைவு வெப்பமாகிறது. வேகமும் பாரமும் கூடக் கூட வெப்பமும் கூடும். ஒரு கட்டத்தில் ரயர் வெடிக்கும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடித்தால் வெடிக்காது என்ற நம்பிக்கை நம்மவரிடம் உண்டு. அது நேர்மாறான பலனைத்தான் தரும்.

யுத்த காலத்தில் வாகனத்தை எப்படியாவது ஓட வைப்பதே பெரிய காரியமாக இருந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது. 2009இல் உழவு இயந்திரப் பெட்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர்கள், கடைசியில் அதையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார்கள். மீள்குடியேறிய பின் பலருக்கு வாகனம் கிடைத்தது லீசிங்கில். மாதத் தவணை தவறினால் வாகனம் பறிபோகும். தேய்ந்த ரயர் இன்னும் ஒரு மாதம் தாங்கும். எதை முதலில் கட்டுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2020இல் ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது விலை இன்னும் ஏறியது.

குழியும் குன்றுமான பழைய வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஊர்ந்தபோது மோசமான ரயரும் ஒருவாறு தாங்கியது. யுத்தத்தின் பின் ஏ9 காபெற் வீதியானது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் இன்று வேகம் கூடிவிட்டது. வீதி மாறிய அளவுக்கு நாம் வாகனத்தைப் பராமரிக்கும் முறை மாறவில்லை.

யாரிடம் கேட்பது?

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000இற்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 2025 மே 11 கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20இற்கும் மேற்பட்டோர் பலியாகினர். செப்டெம்பர் 4 எல்ல – வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்தனர். இவை ரயரால் நேர்ந்தவை என்பதல்ல இங்கு வாதம். ஒவ்வொரு பெரிய விபத்தின் பின்னும் வாகனங்களின் தகுதி பற்றிப் பேச்சு எழுகிறது. சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

இதற்குள் ஒரு நிர்வாகச் சிக்கலும் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்தின் வருமானம். வாகனத் தகுதி பற்றிய அதிகாரம் கொழும்பில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம். புகைப் பரிசோதனையை 2008இலிருந்து நடத்துவது இரண்டு தனியார் நிறுவனங்கள். ரயரையும் பிரேக்கையும் பற்றிய கேள்வி இந்த மூன்றுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை. எங்கள் மாவட்டங்களில் திரட்டப்படும் பணத்தில் எங்கள் வீதிப் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்க, மக்கள் தெரிவு செய்த சபை இல்லை.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. புகைப் பரிசோதனைக்கு வரும் வாகனத்தின் ரயர் பூவையும் காற்றழுத்தத்தையும் அதே இடத்தில் அளந்து, தண்டப்பணம் இல்லாமல், ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஒரு வாகனத்துக்குச் சில நிமிடங்கள் போதும். எரிபொருள் நிலையங்களில் சரியாக வேலை செய்யும் காற்று மானி இருப்பதைப் பிரதேச சபைகள் உறுதி செய்யலாம். பாடசாலை வான்களுக்கும் நீண்டதூர பஸ்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை சோதனை வைக்கலாம். ரயர் வாங்க வழியில்லாதவருக்குச் சங்கங்கள் ஊடாகச் சிறு கடன் கொடுக்கலாம். பிழையைக் கண்டுபிடித்துத் தண்டம் மட்டும் விதித்தால், அடுத்த முறை அவர் வேறு வீதியால் போவார்.

அதுவரை, விளக்கு இருக்கும் வாகனத்தில் அதை மதிப்போம். விளக்கில்லாத வாகனத்தில் ஒரு காற்று மானியை வாங்கி வைத்து மாதத்தில் இரண்டு காலை அளப்போம். பிள்ளையை ஏற்றிப்போகும் வானின் ரயரை, வான்காரர் அண்ணையிடம் சொல்லிவிட்டு, ஒருமுறை குனிந்து பார்ப்போம். அவரும் அந்த வானில்தான் போகிறார், கோபிக்கமாட்டார்.