செலவானது சரி, சேரிக்கு வந்ததா?

பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பணமே வருவதில்லை என்று இனியும் நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது. பணம் வருது. யார் தெருவில் இறங்குது என்பதுதான் கேள்வி.

2007இல் நடுவண் அரசு பின்தங்கிய பகுதிகள் மானிய நிதியைத் தொடங்கியது. நாடு முழுக்க 250 மாவட்டங்கள். தமிழகத்தில் விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை என்று ஆறு. மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி ரூபாய். விதிகளை என்னவோ நல்லாத்தான் எழுதியிருந்தார்கள். திட்டம் கிராம சபையில் பிறக்கணும். மாவட்டத் திட்டக்குழு அதைத் தொகுக்கணும். தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் மக்கள்தொகைக்குக் குறையாத பங்கு ஒதுக்கணும். 2015இல் நடுவண் அரசு இந்த நிதியைக் கைகழுவியது.

‘ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்கும் திறன் மாவட்டங்களுக்கு இல்லை’ என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வார்கள். எது திறன்? பணம் தாமதமாக வரும். செலவுச் சான்று போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். மார்ச் 31 நெருங்கும்போது எந்த வேலை முந்தும்? சண்டை வராத வேலை. ஊருக்குள் சிமெண்டு ரோடு ஒரே மாதத்தில் முடிஞ்சிடும். சேரியின் சுடுகாட்டுப் பாதை அப்படியா? அது எவனோ ஒருவனின் பட்டா நிலத்தைத் தாண்டணும். நில எடுப்பு, வழக்கு, மிரட்டல். ‘அடுத்த வருசம் பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுவார்கள். வேகமாகச் செலவழிப்பதையே திறமை என்று வைத்தால், சாதி குறுக்கே நிற்கும் வேலைகள் தானாகவே கழிந்துபோகும். நூறு சதவீதம் செலவு என்று அறிக்கை போகும். நம்ம பிணம் வரப்பிலேயே போகும்.

ஊராட்சியிடம் நேரே கொடுத்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. ஊராட்சித் தலைவரான முருகேசனை மேலவளவில் 1997இல் வெட்டிக் கொன்றதை மறந்துவிட்டா பேசுகிறோம்? நான் போன கிராம சபைகளில், முன்னாடியே எழுதிவைத்த தீர்மானத்தில் நம்ம சனம் கைநாட்டு வைப்பதைத்தான் பார்த்தேன்.

2018 முதல் 112 மாவட்டங்களை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தரவரிசை போடுகிறார்கள். இங்கே இராமநாதபுரமும் விருதுநகரும். மாவட்டச் சராசரி ஏறலாம். சராசரிக்குள் சேரி தெரியாதே!

நான் சொல்வது இதுதான். முதலில் சேரியில் கூட்டம், பிறகு கிராம சபை. நிலத் தகராறுள்ள வேலைக்கு ஒதுக்கிய பணம் மார்ச்சோடு காலாவதியாகக் கூடாது. தனிக் கணக்கில் நிற்கணும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று சேரிச் சுவரிலேயே எழுதணும். மாணவத் தோழர்களே, உங்கள் ஊராட்சியின் வேலைப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தொகையை அப்புறம் பார்க்கலாம். முதலில் தெருவின் பெயரைப் பாருங்கள்.