வீதியும் அலைவரிசையும் உறவாகா

தூரம் சுருங்கினால் மனிதர் நெருங்குவர் என்பது இக்காலத்தின் மூடநம்பிக்கைகளுள் ஒன்றாகும். வீதி அகன்றது, பஸ் விரைந்தது, கைத்தொலைபேசி ஒவ்வொரு வீட்டிலும் புகுந்தது, ஆதலின் சமூகங்களும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன என வாதிப்போர் பலர். போக்குவரத்தையும் உறவையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்திற் பிறந்த வாதம் இது.

மாத்தளை மாவட்டத்தின் மேற்கே, குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலை செல்லும் பெருவீதியில் அமைந்தது கலேவெல. சிங்களவரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இத்தகைய ஊர்களிற் செய்தி ஒரு காலத்திற் சந்தை வழியாகவும் தேநீர்க்கடை வழியாகவும் பரவிற்று. அங்கும் பொய் உண்டு. ஆயின் பொய்யுரைத்தவன் மறுநாளும் அதே சந்தைக்கு வந்து அதே முகங்களைக் காணவேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் வரும் பொய்க்கு முகமில்லை. ஆதலின் நாணமும் இல்லை.

2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றில் மலட்டுத்தன்மை மருந்து கலக்கப்பட்டதென்ற வதந்தி முகநூலிற் பரவியது. அது வெறும் மாவே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது. மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகள் எரிந்தன. தாக்கியோருள் வெளியூரார் பலர் எனப் பாதிக்கப்பட்டோர் கூறினர். தொலைபேசி அழைத்தது, வீதி கொண்டுவந்து சேர்த்தது.

கருவி குற்றமற்றது, பயன்படுத்துவோனே குற்றவாளி என்பர் சிலர். கத்திக்கு இது பொருந்தலாம். வெறுப்பு எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவுக்கு விளம்பர வருவாய் ஈட்டக்கூடியதும், சிங்களத்தில் எழுதப்பட்ட கொலைமிரட்டலை முறையிட்ட பின்னும் அகற்றத் தவறியதுமான நிறுவனத்துக்கு இது எங்ஙனம் பொருந்தும்? முகநூல் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு அம்மன்னிப்பு ஈராண்டுகள் பிந்திற்று.

தடையே தீர்வென்பர் வேறு சிலர். 2018 மார்ச் 7ஆம் திகதி அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அதற்குமுன்பே வீடுகள் எரிந்திருந்தன. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின்னரும் தடை வந்தது. அது நீங்கி இரு வாரங்கள் நிறையுமுன், கலேவெலவின் அயல் மாவட்டமான குருநாகலில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தடை செய்தியை நிறுத்திற்று. அதனை நம்பும் மனத்தை மாற்றவில்லை.

அம்மனம் உருவாகும் இடம் வகுப்பறை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் பாடசாலைகள் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்தே இயங்குகின்றன. ஒரே பஸ்ஸிற் செல்லும் பிள்ளைகள் வெவ்வேறு வாயில்களில் இறங்குகின்றனர். அயலவனின் மொழியில் வரும் பொய்யை அம்மொழியிலேயே எழுதி மறுக்க வல்லோர் எத்தனை பேர்? பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளும் விழாக்களும் இவ்வினாவுக்கு விடையாகமாட்டா. இரு மொழியும் எழுத வல்ல பட்டதாரியை ஒவ்வொரு கலேவெலவுக்கும் அனுப்பும் வரை, அலைவரிசையின் வேகம் வதந்தியின் வேகமாகவே இருக்கும்.