ஆறு நாள் ஜிம் என்னும் பூச்சாண்டி

"ஆறு நாளும் தூக்கணும், ஒரு நாள் விட்டாலும் உடம்பு கரைஞ்சுடும்" என்று ஜிம்மில் பயமுறுத்துபவர்களுக்கு ஒரு கேள்வி. செங்கல்பட்டில் கல்லூரி, சாயங்காலம் கபடி, விடுமுறையில் மாமல்லபுரம் கடலில் அலைச்சறுக்கு என்றிருக்கும் பையன் எந்த ஆறு நாளைக் கொடுப்பான்?

கடைசியில் கடலை விடுகிறான், அல்லது எடையை அடியோடு விடுகிறான். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தக் கடலையா விடச் சொல்வது?

பலத்தை வளர்ப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. 70 பேர், 16 வாரம், வாரத்துக்கு 3 நாள் கால் பயிற்சி செய்தார்கள். பிறகு 32 வாரத்துக்குச் சிலருக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்குதான்: வாரம் ஒரே நாள், பயிற்சிக்கு ஒரே செட். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்குத் தசையும் குறையவில்லை, பலமும் போகவில்லை! 60 தாண்டியவர்களுக்குத்தான் தசை அளவைக் காக்க அது போதவில்லை.

உலக சுகாதார நிறுவனம்கூட வாரத்துக்கு 2 நாளாவது தசைப் பயிற்சி என்கிறதே தவிர, 6 நாள் என்று எங்கே சொன்னது?

"கடலில் கை வலித்தாலே போதுமே" என்பவர்களும் தப்பு. அது தோளுக்கு. தொடைக்கும் இடுப்புக்கும் பாரம் வேண்டும். நாளைக் குறைக்கலாம், எடையைக் குறைக்கக் கூடாது.

ஆறு நாள் முடியாதவன் பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் உண்மையான நஷ்டம். தம்பிகளா, சனிக்கிழமை நன்றாகத் தூக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போங்கள்!