வீட்டுக் கணக்கு: விடுப்பும் பாஸும்



ரயில்வே ஊழியனுக்கு உள்ள சலுகைகளுள் இரண்டை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். ஒன்று, சம்பளத்தோடு கூடிய விடுப்பு. ஆண்டுக்கு 30 நாள் வரவு வைக்கப்படும். எடுக்காமல் விட்டாலும் வீணாவதில்லை. 300 நாள் வரை சேர்ந்துகொண்டே போகும். ஓய்வு பெறும்போது அதற்குச் சம்பளக் கணக்கில் ரொக்கம் கிடைக்கும். மற்றொன்று, குடும்பத்தோடு பயணம் செய்வதற்கான இலவசப் பாஸ். என் போன்ற குமாஸ்தாக்களுக்கு முதல் ஐந்தாண்டுகள் ஆண்டுக்கு ஒன்றும், பின்னர் ஆண்டுக்கு மூன்றும் உண்டு. ஆனால் அந்த ஆண்டில் எழுதி வாங்காத பாஸ் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறாது. டிசம்பர் 31-ஆம் நாளோடு அதன் ஆயுள் முடிந்தது.

இவ்விதிகளை வகுத்தவர்கள் ஏதோ தத்துவம் கருதி வகுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் வீட்டுக் கணக்கு எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இவையே நினைவுக்கு வருகின்றன. சேர்த்து வைக்கக்கூடிய பொருள் உண்டு. சேர்த்து வைக்க இயலாத பொருளும் உண்டு. பணம் முதல் வகை. ஆறு வயதுக் குழந்தை முதன்முதலாகக் கடலைக் காணும்போது அடையும் வியப்பு இரண்டாம் வகை. தாயாரின் முழங்காலில் கோயிற்படி ஏறும் வலு இருப்பதும் இரண்டாம் வகையே.

வரதய்யபாளையத்திலும் அதைச் சுற்றியும் உள்ள நம்மவருள் பெரும்பாலோர் வேலையின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் முறை வேலை பார்ப்போர் பலர். இவர்களிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். இங்கே ஒற்றை அறையில் நால்வர் குடியிருப்பர். விசிறி ஓடாவிட்டாலும் பொறுத்துக்கொள்வர். ஊரிலோ மாடி வைத்த வீடு எழும்பும். குடிபுக ஆளில்லை, பொங்கலுக்கு மூன்று நாள் திறந்து, ஒட்டடை அடித்து, மீண்டும் பூட்டிவிட்டு வருவார்கள். பூட்டுக்காகவே கட்டிய வீடோ என்று தோன்றும். சொந்த வீடு வேண்டாம் என்பது என் கருத்தன்று. குழந்தைகள் வளரும் வீடு இது, அதுவன்று என்பதை மறக்கலாகாது என்பதே.

ஆனால் இதைக் கேட்டவுடன், "அப்படியானால் செலவு செய்வோம்" என்று எழுந்துவிடக் கூடாது. முதுமை தவறாமல் வரும் விருந்தாளி. அவருக்கு வைக்க வேண்டிய சோறு எங்கே இருந்து வரும்?

முன்னாளில் ரயில்வே ஊழியர்களுக்குச் சேமநல நிதி மட்டுமே இருந்தது. 1957-இல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் இல்லை. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து பிடித்தம். அரசின் பங்கு முதலில் பத்தாக இருந்து, 2019 ஏப்ரல் முதல் பதினான்காயிற்று. அந்தப் பணம் சந்தையில் ஏறியும் இறங்கியும் வளரும். ஓய்வு நாளில் அதில் நூற்றுக்கு 40 பங்கேனும் மாத வருவாய்த் திட்டம் வாங்கச் செலவாக வேண்டும். கையில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே ஊழியர்களின் நெடுநாள் குறை. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வழி வந்தது. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி அதில் உறுதி.

அரசு உத்தியோகத்தில் இருப்போர் நிலை இதுவென்றால், தொழிற்சாலைத் தொழிலாளியின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 12 சேமநல நிதிக்குப் போகிறது. முதலாளியும் அதே அளவு தருகிறார். ஆனால் அந்தப் பங்கிலிருந்து 8.33 ஓய்வூதியக் கணக்குக்குத் திரும்பிவிடும். 2014-இல் இதற்கு 15,000 ரூபாய் சம்பள வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பின்படி முப்பது ஆண்டு உழைத்தவருக்குக் கணக்குப் போட்டால், மாத ஓய்வூதியம் ஏழாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. பத்தாண்டுப் பணி நிறையாதவருக்கு மாத ஓய்வூதியமே இல்லை. நம் இளைஞர்களோ ஒரு தொழிற்சாலையை விட்டு மறு தொழிற்சாலைக்குப் போகும்போதெல்லாம் பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்து, கைப்பேசியோ மோட்டார் சைக்கிளோ வாங்கிவிடுகிறார்கள். பணம் போவது மட்டுமன்று. பணி ஆண்டுகளும் அறுபடுகின்றன. கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே முறை. அதற்கென்றே ஒவ்வொருவருக்கும் ஒரே நிலையான எண் தரப்பட்டிருக்கிறது.

வட்டியின் வேலையையும் சற்றே பார்ப்போம். மாதம் ஆயிரம் ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் போட்டால் சுமார் 12 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். பத்தாண்டு தாமதித்து இருபது ஆண்டு மட்டும் போட்டால் 5 லட்சத்து 20 ஆயிரத்தோடு நின்றுவிடும். தாமதித்த பத்தாண்டில் போடாமல் விட்டது 1 லட்சத்து 20 ஆயிரந்தான். இழந்ததோ ஏழு லட்சம்! அதே சமயம் விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 ஏறுமானால், பன்னிரண்டு ஆண்டில் விலை இரு மடங்காகும். எனவே பெட்டியில் கட்டி வைத்த ரூபாயும் முழு ரூபாயாக இருப்பதில்லை.

இந்த இழுபறியை ஒரு நாடு சட்டத்தாலேயே தீர்க்க முயன்றிருக்கிறது. மலேசியாவில் 1951 முதல் ஊழியர் சேமநிதி இருந்து வருகிறது. தோட்டப்புறத் தமிழர் பலரின் முதுமைக்கு அதுவே கைத்தடி. 2020 முதல் 2022 வரை கொரோனாக் காலத் துன்பத்தில், அந்த நிதியிலிருந்து முன்கூட்டியே பணம் எடுக்க அனுமதித்தார்கள். மொத்தம் 14,500 கோடி ரிங்கிட் வெளியேறியது. பல குடும்பங்கள் அதனால் பசியாறின. பலருடைய முதுமைக் கணக்கு வற்றிப் போனது. பிறகு 2024 மே 11 முதல் 55 வயதுக்கு உட்பட்டோரின் புதிய வரவை மூன்றாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு 75 முதுமைக்கு; 15 வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு; 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. முதுமைக்கு உரியதைத் தொடாமல், இன்றைக்கும் ஒரு பங்கை ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்கு ஒரே ஆசை, பாம்பன் பாலத்தின் மேல் ரயிலில் போய் இராமேசுவரம் சேர வேண்டும் என்பது. ஆண்டுக்கு ஆண்டு, "ரிட்டயர் ஆகட்டும், நிதானமாகப் போவோம்" என்பார். ஓய்வும் வந்தது. 2022 டிசம்பரில், 1914-இல் கட்டிய பழைய பாலம் பழுதுற்று ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபோது அந்த அம்மாள் இல்லை. "பாஸ் இருக்கிறது தம்பி, போகத்தான் மனம் வரவில்லை" என்றார். அவர் கஞ்சரும் அல்லர், கடன்காரரும் அல்லர். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது.

நம் பக்கத்தில் இன்பத்துக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உப்பலமடுகு அருவி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தடா பக்கம் பழவேற்காட்டு ஏரி. மழைக்காலத்துக்குப் பின் நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைக் காணலாம். ஒரு நாள் கட்டுச்சோறும் பேருந்துக் கட்டணமுமே முதலீடு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவோம், ஆனால் போடுவோம். சம்பளம் வந்த நாளிலேயே சேமிப்புக்கு உரியதை ஒதுக்கிவிட்டால், எஞ்சியதில் செலவிடுவதற்கு மனம் குறுகுறுக்காது. கடன் வாங்கிச் சுற்றுலா போவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். திரும்பி வந்தபின் பன்னிரண்டு மாதம் தவணை கட்டும் முகத்தில் இன்பம் எங்கே?

சங்கத்தில் தொழிற்சாலை அன்பர்கள் இருவர், சேமநலக் கணக்கை மாற்றும் முறையை விளக்கக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் அதைப் படிப்படியாக எழுதுகிறேன். அதற்குள் யாரும் பழைய கணக்கை முடிக்க விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டுகிறேன். ரயில்வே அன்பர்களுக்கு வேறொரு வேண்டுகோள்: பாஸ் விண்ணப்பத்தை டிசம்பர் கடைசி வாரத்தில் கொண்டுவந்து நீட்டாதீர்கள். அப்போது எங்கள் மேஜையில் கூட்டம் தாங்காது. நீங்கள் கேட்கும் வண்டியில் இடமும் இராது.