சைக்கிளுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவுக் காவலாளியுடைய சைக்கிள் களவு போயிற்று. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தில் சங்கிலி போட்டு வைத்திருந்தார். உள்ளே நிறுத்த அனுமதியில்லை. நம் கார்களைக் காப்பவர் இப்போது தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து வருகிறார். பேப்பர்காரருக்கும் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கும் அதே மரம்தான்.

தில்லிக்கு 2007இல் அறிவிக்கப்பட்ட மாஸ்டர் பிளானில் வாகன நிறுத்தத்துக்கு அளவுகோலே கார்தான். போகவர வழி உட்பட, திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், அடித்தளத்தில் 32. ஒரு சைக்கிள் நிற்க இரண்டு சதுர மீட்டர்கூட வேண்டாம்!

சில புதிய கட்டடங்களில் ஸ்டாண்டு வைக்கிறார்கள், பெயருக்கு. அடித்தள மூலையில், முன் சக்கரத்தை மட்டும் செருகும் கம்பிகள். பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணிப்போகும். பிரேமைப் பூட்ட வழியில்லை. வாசலருகே, காவலாளியின் கண்பார்வையில், தரைமட்டத்தில் ஒரு கூரை. அதன் கீழ் கவிழ்த்த 'ப' வடிவில் ஊன்றிய இரும்புக் குழாய்கள். அவ்வளவுதான் செலவு.

துவாரகையிலும் ரோகிணியிலும் புது வீடு பதிவு செய்யும் அன்பர்களே, கார் இடத்துக்குப் பில்டரிடம் வாதாடும்போது இதையும் கேளுங்கள். கட்டி முடித்தபின் கேட்டால், இடமில்லை என்பார்கள்.