முனிர்கா: சிவப்புக் கோட்டுக்கு உள்ளும் வெளியும்

தெற்கு தில்லியின் முனிர்காவைப் பற்றிக் கல்விப்புலத்தார் பெரும்பாலும் இரண்டே குரல்களில் பேசுகின்றனர். ஒன்று, தேநீர்க் கடையும் நள்ளிரவுப் பராத்தாவும் மணக்கும் ஏக்கக் குரல். மற்றது, வெயில் நுழையாச் சந்துகளையும் தலைமேல் தொங்கும் மின்கம்பிகளையும் காட்டி, "எல்லாம் வீட்டுக்காரர்களின் பேராசை" என முகஞ்சுளிப்பது. இரண்டிலும் அரசும் பல்கலைக்கழகமும் தப்பிவிடுகின்றன.

முனிர்கா, டோகஸ் குலத்து ஜாட்டுகளின் உழவூர். விடுதலைக்குப் பின் தலைநகர் தெற்கே விரிந்தபோது அதன் வயல்கள் கையகப்படுத்தப்பட்டன. அரசு ஊழியருக்கு ஆர்.கே. புரம் எழுந்தது; 1969-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வந்தது. உழவருக்கு எஞ்சியது ஊர்நத்தம். வருவாய் வரைபடத்தில் அதைச் சுற்றி இழுத்த சிவப்புக் கோடே 'லால் டோரா'. 1963-இல் அக்கோட்டுக்குள் கட்டட விதிகளிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. நிலம் போனவர்கள் வாடகையைப் பயிரிட்டார்கள். வேறெதைப் பயிரிட்டிருக்க முடியும்? சாலைக்கு அப்பால் வசந்த் விஹாரில் வாங்கப்படும் வாடகையை எவரும் பேராசை என எழுதுவதில்லை.

இதனால் வீட்டுக்காரர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். சாதி கேட்பதும், சமையல் மணத்துக்காக வடகிழக்கு மாணவரை வெளியேற்றுவதும், மின்சாரத்துக்குத் தம் விருப்பப்படி விலை வைப்பதும் அங்கே அன்றாடம். ஆனால் அத்துணிவு எங்கிருந்து வந்தது? 2007-இல் தில்லி காவல்துறையே வடகிழக்கு மாணவருக்குக் கையேடு வெளியிட்டு, மூங்கில் குருத்தும் அக்குனியும் சமைத்து அண்டையாரைத் தொந்தரவு செய்யாதீர் என அறிவுறுத்தியது. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது. அந்த வரம்பு 1988-இல் வைக்கப்பட்டது. (அத்தொகைக்கு இன்று அங்கே ஓர் அறை தேடிப் பார்க்கலாம்.) ஒப்பந்தமோ பதினொரு மாதம்; ஓராண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பதால். ஆக, ஆராய்ச்சி மாணவர் ஐந்தாண்டுகள் குடியிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் புதியவர். எதிர்த்துப் பேசினால் பன்னிரண்டாம் மாதம் தெருவில்.

விடுதியில் இடம் மறுக்கப்பட்டவரையெல்லாம் ஓசையின்றி உள்வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் பற்றாக்குறையை மறைத்துத் தருவது இவ்வூர்தான். கருத்தரங்குகளில் இதை 'முறைசாரா நகரமயமாக்கம்' என எழுதுவோர், தம் துறையில் ஆண்டுதோறும் சேரும் மாணவர் தொகையையும் விடுதிக் கட்டில்களின் தொகையையும் அக்கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அருகருகே வைக்கட்டும்.